குதிமேடையின் கடைசி வரிசை

ஏரிக்கரைக் குதிமேடையின் உச்சியில், தலை நரைத்த நகராட்சித் தலைவி குன்வோர் நீச்சலுடையில் நிற்கிறாள். மேடை பழசாகிவிட்டது, பிரித்துவிடலாம் என்று மன்றத்தில் முதலில் கைதூக்கியவளும் அவள்தான். செப்டம்பர் வெயில் பிர்ச் மரங்களுக்கிடையே சாய்ந்து தண்ணீரில் செம்பாய் மினுங்குகிறது. கீழே, மேடையைப் பிரிக்க ஸ்பானரும் கையுமாகக் காத்திருக்கிறான் நகராட்சி ஊழியன் ஹால்வர், அவளோடு படித்தவன். "சின்ன வயசுலயும் இங்கதான் வெடவெடன்னு நின்னே. நீ குதிக்காம திரும்பி வர்றதுக்காக, ஏணியில நின்ன நாங்க அத்தனை பேரும் எறங்குனோம்," என்கிறான். "இப்ப ஏணி காலியாத்தானே கெடக்கு," என்கிறாள். அவளுடைய கால்விரல்கள் பலகையின் விளிம்பைப் பற்றுகின்றன, விடுகின்றன. நாணலுக்குள் ஒரு நீர்க்கோழி கத்தி ஓய்கிறது. பிறகு, திரும்பிப் பாராமலே சொல்கிறாள்: "ஹால்வர், ஏறி வாடா. ஏணிய மறிச்சுக்கிட்டு நில்லு." ஸ்பானரைப் புல்லில் போட்டுவிட்டு அவன் ஏறுகிறான், வரிசையில் மறுபடியும் அவளுக்கு அடுத்த ஆளாக.