கை தூங்கவில்லை

ராயபுரம் வீட்டில், கூரை ஓட்டை வழியே விழும் வெயில்வட்டம் தூங்கும் செல்வநாதனின் காலில் தொடங்கி இப்போது கழுத்துக்கு ஏறிவிட்டது. அத்தனை நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் மனைவி சிலுவையம்மாள். அவன் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். கண் மூடிக் கிடக்கிறது, மூச்சு சீராக வருகிறது. வலது கை மட்டும் பாயின்மேல் இல்லாத வின்ச் பிடியை இழுக்கிறது, தளர்த்துகிறது, மறுபடி இழுக்கிறது. முந்தாநாள் அந்தக் கை தப்பியதில்தான் மூட்டைகள் சரிந்து, கீழே நின்ற கூட்டாளி இன்னாசி செத்தான். மாலை வேலைக்கான துறைமுகச் சங்கு ஊதுகிறது. அவன் விழித்துச் சோம்பல் முறிக்கிறான். "அடிச்சுப் போட்டாப்ல தூங்கிட்டேம்மே. ஒடம்பு இன்னா சொகமாக் கீது!" "கண்ணுதான்யா தூங்குச்சு, கை தூங்கல. இன்னிக்கி வேலைக்குப் போவாத" என்கிறாள். அவன் தன் வலது கையைக் குனிந்து பார்க்கிறான். அவள் நீட்டும் டீயை இடது கையால் வாங்கிக்கொள்கிறான்.