பிளீச்சிங் பவுடர்

வால்வின் மேல் கை வைத்த பிறகுதான் பார்த்தாள்.

தொட்டிக்குள், ஈரமான தென்னை நாரின் மேல், வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர்.

ஓரமெல்லாம் கோடு போட்டு, நடுவில் தாராளமாகத் தூவியிருந்தது. மந்திரி வரும் சாலைக்குப் போடுவார்களே, அதே கைவரிசை.

"திறங்க மேடம்," என்றார் பொறியாளர். "தண்ணி ஓடுறதப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

மாநகராட்சியின் பெரிய பொறியாளர். அவர் கையெழுத்துப் போட்டால் தொட்டி இங்கே நிற்கும். போடாவிட்டால் மாதக் கடைசியில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அவளுடைய இத்தனை வருட ஆராய்ச்சியையும் சேர்த்துத்தான்.

அவள் சவரிமுத்துவைப் பார்த்தாள்.

இந்தக் கழிவுநீர் உந்து நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பெரியவங்க வர்றாங்கல்ல மேடம்," என்று காதோரம் சொன்னார். "நம்ம இடம் மட்டும் அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அந்த நாரில் பாக்டீரியா இருக்கிறது. சாக்கடைக் கிணற்றிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்தை அதுதான் தின்கிறது. கந்தகம்தான் அதற்குச் சோறு. அதன் மேல் எந்த மருந்தும் படக்கூடாது.

ஒவ்வொரு தடவையும் சவரிமுத்து பயபக்தியோடு தலையாட்டினார். ஆட்டிவிட்டு, கிருமி என்று ஒன்று இருந்தால் அதைக் கொல்வதுதானே முறை என்று நினைத்திருக்கிறார்.

அவரைச் சொல்லி என்ன? அவள் அம்மாவே சொந்தக்காரர்களிடம் "தண்ணி டிபார்ட்மெண்ட்ல இருக்கா" என்றுதான் சொல்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் ஒருமுறை என்ன ஆராய்ச்சி என்று ஆசையாகக் கேட்டார்கள். அவளும் ஆசையாகச் சொன்னாள். அதற்குப் பிறகு பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

ஊர்ச் சாக்கடையெல்லாம் கைவிட்டுத் துழாவிப் பிடித்து வந்த உயிர். அந்த நாட்களில் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவள் வேலை நன்றாக நடந்தால், காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நாற்றம் இல்லை, அவ்வளவுதான்.

இல்லாததை யார் கவனிக்கிறார்கள்?

பொறியாளர் மூச்சை ஆழமாக இழுத்தார். "பரவாயில்ல, சுத்தமா வச்சிருக்கீங்க."

குளோரின் நெடி. அவளுக்குக் கண் எரிந்தது.

மேல் நார் போயிற்று. அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தூள் இன்னும் மேலேதான் கிடக்கிறது. அடியில் உயிர் இருக்கும். தண்ணீர் விழுந்தால் கரைந்து அடிவரை இறங்கிவிடும்.

திறந்துவிடலாம். கையெழுத்தை வாங்கிக்கொள்ளலாம். பிறகு சத்தமில்லாமல் மறுபடியும் வளர்த்துக்கொள்ளலாம். வளர்ந்து வர மாதக்கணக்காகும். அதுவரை தெரு நாறும். நாறினால் நாறட்டும், முன்பு நாறாத தெருவா?

வால்வு வெயிலில் காய்ந்து சுட்டது.

கையை எடுத்தாள்.

"இன்னைக்குத் திறக்க முடியாது சார்."

"ஏன்?"

"பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கு. தண்ணி விட்டா எல்லாம் செத்துரும்."

பொறியாளர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.

"பிளீச்சிங் பவுடர் நாங்க எல்லா எடத்துலயும்தான் போடுறோம். அதுக்கே செத்துப்போற ஒண்ண வச்சு நான் என்னம்மா பண்றது?"

நியாயமான கேள்வி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு தொட்டியில் ஏறினாள். மேல் நாரைத் தூளோடு சேர்த்து அள்ளி அள்ளிக் கொடுத்தாள். சவரிமுத்து புதுச் சட்டையோடு கீழே நின்று வாங்கிக் கொட்டினார். அவரை நாலு வார்த்தை திட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் வரவில்லை.

முழங்கை வரை கையை நாருக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள்.

குளோரினும் இல்லை, சாக்கடையும் இல்லை, ஒரு வாசனையும் இல்லை. வெறும் ஈரம்.

உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

கேட்டை யாரோ தட்டினார்கள்.

எதிர்வீட்டு ஹலீமா. இந்த நிலையத்தின் மேல் வருடக்கணக்காகப் புகார் கொடுத்துவந்தவர். தொட்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து அவரை இந்தப் பக்கம் காணோம். இன்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன மேடம் இது, ஆஸ்பத்திரி மாதிரி நெடி? புள்ளைக்கு இருமல் நிக்கல. ரெண்டு மாசமா ஒரு நாத்தமும் இல்லாம ஜன்னலத் தொறந்து வச்சுப் படுத்தோம். அது பொறுக்கலையா உங்களுக்கு? ஆபீசருக்கு எழுதிப் போடப் போறேன், சொல்லிட்டேன்."

அவள் முறத்தோடு நிமிர்ந்தாள்.

கார் போன திசையைப் பார்த்தாள். தெருமுனை காலியாகக் கிடந்தது.

"எழுதுங்க," என்றாள். "அந்த ரெண்டு மாசத்தையும் சேத்து எழுதுங்க."