பனிமானின் மூன்றாவது குழி

வயிற்றில் குட்டியோடு இருந்த பெண் பனிமான், குளம்பு நோகப் பனியைத் தோண்டி, அடியில் கிடந்த பாசியை அப்போதுதான் எட்டியிருந்தது. உடனே வந்து நின்றது பெரிய ஆண் மான்.

"இப்படியா தோண்டுவாங்க? தள்ளு, நான் காட்டுறேன்" என்று குழிக்குள் வாயை வைத்தது.

பெண் மானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே அது தோண்டிய இரண்டு குழிகளை ஆண் மான் இப்படித்தான் காலி செய்திருந்தது.

"அண்ணே, குளிர் தொடங்கினதுமே உங்க கொம்பு உதிர்ந்துபோச்சு. என் கொம்பு குட்டி பிறக்கிறவரைக்கும் இருக்கும். பார்க்கிறீங்களா?" என்று தலையைத் தாழ்த்தியது.

ஆண் மான் ஒரே ஓட்டமாக ஓடியது. மேட்டில் நின்ற கூட்டத்திடம் அது சொன்னது பெண் மானின் காதில் விழுந்தது:

"பாவம், பிள்ளைத்தாச்சி. போனாப் போகுதுன்னு என் குழியை விட்டுக்கொடுத்துட்டு வர்றேன்."