நீலம் என்றால் பயமில்லை

காலையில் கிடங்கிலிருந்து வந்த ஏவுகணையின் மேல் பயிற்சியாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இது வெடிக்காதா?" என்று முன்வரிசைச் சிப்பாய் கேட்டான்.

"இருபது வருஷமா இதே கேள்வி. நீலமா இருந்தா உள்ள மருந்து கிடையாது, சும்மா பயிற்சிக்கு. பச்சையா இருந்தா நிஜம். இதை மறந்தவன் எவனும் ரெண்டாவது பாடத்துக்கு வந்ததில்ல."

பிரம்பால் அந்த நீல உடம்பில் நாலு தட்டு தட்டிக் காட்டினார். வகுப்பே சிரித்தது.

அப்போது கிடங்குப் பொறுப்பாளர் வாசலில் வந்து நின்றார். "சார், பெரிய அதிகாரி ஆய்வுக்கு வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் புதுசா பெயிண்ட் அடிக்கச் சொன்னீங்களே, நேத்தே முடிச்சுட்டேன்."

"ஒண்ணும் விடலையே?"

"விடல சார். பச்சைதான் தீந்துபோச்சு. உங்ககிட்ட வந்து கேட்டதுக்கு, 'இருக்கிற பெயிண்ட்டை அடிய்யா, இதுக்கெல்லாமா என்கிட்ட வருவே'ன்னு எரிஞ்சு விழுந்தீங்க. அதான் எல்லாத்துக்கும் நீலமே அடிச்சுட்டேன்."

பயிற்சியாளர் அசையவில்லை. "அப்ப நான் உட்கார்ந்திருக்கிறது?"

"அதை நீங்கதான் சார் பார்த்துச் சொல்லணும். இருபது வருஷ அனுபவம்."

முன்வரிசைச் சிப்பாய் பணிவாகக் கை தூக்கினான். "சார், ரெண்டாவது பாடத்தை வெளியில வெச்சுக்கலாமா?"