ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

"எட்டாம் நம்பரைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா நான் சும்மா விடமாட்டேன்" என்று வக்கீல் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். யாருக்கும் வேண்டாத பதவியை என் தலையில் கட்டிவிட்டு, சண்டை வந்தால் மட்டும் தேடிக்கொண்டு வருவார்கள்.

வக்கீல் இருப்பது ஏழாம் நம்பரில். சாயந்திரம் ஆறு மணிக்கு இவர் கேஸ் கட்டைப் பிரித்தால், பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை தங்கு தங்கென்று குதிக்கிறதாம். பொறுக்கமாட்டாமல் சுவரைத் தட்டுவாராம். உடனே அங்கிருந்தும் தட்டுகிறார்களாம். இவர் மூன்று தட்டினால் அங்கே மூன்று, இரண்டு என்றால் இரண்டு. மாதக்கணக்கில் இதே கூத்து.

"கோர்ட்டுலகூட என்னை யாரும் இப்படி எதிர்த்துப் பேசினதில்லை மேடம்."

எனக்கும் சுர்ரென்று ஏறியது. பெரிய மனுஷனைக் கேலி பண்ணப் பிள்ளையை ஏவிவிடுகிறார்களா? நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று நோட்டீஸும் கையுமாக அன்றைக்குச் சாயந்திரமே போய் எட்டாம் நம்பரில் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்த குழந்தையின் அம்மா, உதட்டில் விரலை வைத்து, "ரெண்டே நிமிஷம்க்கா, பேசாதீங்க" என்று கெஞ்சினாள்.

உள்ளே ஏழு வயதுப் பெண் குதித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டொக், டொக், டொக். சட்டென்று நின்றாள். போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு விரல் முட்டியால் நிதானமாக மூன்று தட்டு தட்டினாள். முகம் பூராவும் சிரிப்பு.

ஆட்டிசம் என்றாள் அம்மா. காதில் கோளாறு இல்லையாம். ஆனால் எதையும் கவனித்துக் கேட்கமாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். பயிற்சி டீச்சரும் மணி, கொட்டு என்று என்னென்னவோ வைத்துப் பாடுபட்டுவிட்டார். இந்தச் சுவர்ச் சத்தத்துக்கு மட்டும்தான் நின்று கேட்டு, எண்ணிப் பதில் கொடுக்கிறாள். இதை விட்டுவிடாதீர்கள் என்று டீச்சரே சொன்னாராம்.

"முந்தாநாள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்க்கா. திரும்பிப் பார்த்துட்டா, முதல் தடவையா." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சத்தம் சத்தம்னு சொல்லியே ரெண்டு வீட்டுல எங்களை அனுப்பிட்டாங்க. இந்த சாருக்கு எவ்வளவு பெரிய மனசு. தினமும் வேலையை விட்டுட்டு இவளோட விளையாடறார். நன்றி சொல்லிடுங்க."

நான் நோட்டீஸை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன். வெட்கமாக இருந்தது.

நேரே ஏழாம் நம்பருக்குப் போய், அவள் சொன்னதை அப்படியே வக்கீலிடம் ஒப்பித்தேன். கேஸ் கட்டை மூடி ஒதுக்கி வைத்தார் மனிதர். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. பாவம், அந்தக் குடும்பம் மூன்றாவது தடவையாக மூட்டை கட்ட வேண்டுமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் காலையில் பெட்டியோடு வந்து நின்றார். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"கேஸ் விஷயமா நாலு நாள் வெளியூர் போறேன் மேடம். சரியா ஆறு மணிக்கு நீங்க போய்த் தட்டிடுங்க. பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவசரப்பட்டு மறுபடி தட்டிடாதீங்க. குழந்தை எண்ணிட்டிருக்கும்."