பாசார் மாலாமில் மாத்திரை விற்றவன்

"சீரியல்ல வர்ற வில்லி பேரெல்லாம் மனப்பாடமாத் தெரியுது. ராத்திரி பாசார் மாலாம் சந்தையில எவனோ தரையில பரப்பி வச்சு விக்கிற மாத்திரைய வாங்கித் திங்கக் கூடாதுன்னு மட்டும் தெரியலையா அத்தை?"

மாமியார் முத்தம்மாவின் முதுகில் களிம்பு தடவிக்கொண்டே திட்டினாள் பிரமிளா. கை பூப்போலத்தான் போனது. வாய்தான் நிற்கவில்லை.

முத்தம்மா வாகாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கால் பெருவிரல் வீங்கி வலிக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் கவுட் எனும் மூட்டுவாதத்துக்கான மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். சில வாரம் கழித்துக் காய்ச்சல். கண் சிவந்தது, உடம்பெல்லாம் தடிப்பு. அம்மை போட்டிருக்கிறதென்று வேப்பிலை வைத்து, வாசலிலும் வேப்பிலை செருகிவிட்டார்கள். வாயெல்லாம் புண்ணாகி, வெந்நீர் கொட்டினாற்போல முதுகுத் தோல் வழன்று வந்த பிறகுதான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"இது அம்மை இல்ல. ஏதோ மருந்து ஒத்துக்காம வந்தது. என்ன சாப்பிட்டாங்க?" என்றார் டாக்டர்.

பேச முடியாத முத்தம்மா, மணிப்பர்சைக் காட்டினாள். அதற்குள் காலி மாத்திரை அட்டை இருந்தது. டாக்டருக்கு அது போதும். மகன் ஜெயபாலனுக்குப் போதவில்லை. யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். பேச்சு வந்ததும் முத்தம்மா சொன்னது ஒன்றுதான். பாசார் மாலாமில் வாங்கினேன்.

உயிர் தப்பியதே பெரிய காரியம். ஆனால் ஜெயபாலனுக்கு ஆத்திரம் அடங்குமா? வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புந்தோங், மெங்லெம்பு என்று ஒரு பாசார் மாலாம் விடாமல் தேடினான்.

"கையில கிடைச்சான்னா கைய ஒடிக்காம விடமாட்டேன். எப்படிம்மா இருப்பான் அவன்?"

"உயரமா, வழுக்கையா இருப்பான்லா."

அடுத்த வாரம் கேட்டால், "தொப்பி போட்டிருப்பான்."

"போன வாரம் வழுக்கைன்னீங்க?"

"தொப்பிக்கு அடியில வழுக்கைலா."

காய்ச்சலில் கிழவிக்கு மூளையும் கலங்கிவிட்டது என்றே பிரமிளா முடிவு கட்டினாள்.

பக்கத்து வீட்டுப் பல்கீஸ் மட்டும் இல்லையென்றால் பிரமிளா பாடு திண்டாட்டம்தான். ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் நாசரின் மனைவி. முத்தம்மா வீடு திரும்பியதிலிருந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து, ஆற்றி, ஸ்பூனால் ஊட்டிவிட்டுத்தான் போவாள்.

"ஆண்ட்டியப் பாருங்க," என்பாள் பிரமிளா. "இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தின்னாதீங்கன்னு சொல்லியிருப்பாங்கல்ல?"

பல்கீஸ் குனிந்த தலை நிமிராமல் கஞ்சியை ஆற்றுவாள்.

அந்தச் சனிக்கிழமையும் ஜெயபாலன் தேடக் கிளம்பிவிட்டான். பிரமிளா தேத்தண்ணி கலக்கி எடுத்துக்கொண்டு வரும்போது உள்ளே விசும்பல் கேட்டது. அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னைக்குத் தம்பி வந்ததும் நானே சொல்லிடுறேன்கா," என்று அழுதாள் பல்கீஸ். "எங்க வீட்டுக்காரரு மாத்திரைய உங்களுக்கு எடுத்துக் குடுத்தது நான்தானே. இதுக்கு மேல என்னால முடியலக்கா."

"வாய மூடு. கால் வலின்னு கேட்டு வாங்கினது யாரு? நான்தானே. சீனி தீந்தா வாங்கிக்கிற மாதிரி மாத்திரையும் வாங்கித் தின்னு பழகிட்டோம். அது நம்ம ரெண்டு பேரு புத்திகெட்டதனம். டாக்டருக்கு மாத்திரை பேரு தெரியணும், காட்டிட்டேன். உன் பேரு எதுக்கு?"

"உங்களப் போட்டு எல்லாரும் ஏசுறாங்களேக்கா."

"ஏசிட்டுப் போறாங்க. எம்மவன் கோவக்காரன். உன் வாசல்ல வந்து ஒரு நாளு கத்துவான். அப்புறம் காலத்துக்கும் ரெண்டு வீடும் மூஞ்சி பாத்துக்காது. அத விடு, நாசர் அண்ணே ஏன் நொண்டுறாரு?"

"அந்த மாத்திரைய எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்கா. பாத்தாலே பயமா இருக்கு."

"உனக்கு அறிவிருக்கா? எனக்குத்தான் அது ஒத்துக்கல. அவருக்குக் கேக்குதுல்ல? வலியோட அந்த மனுசன் எப்படி நின்னு ரொட்டி போடுவாரு? திங்கக்கிழமை முதல் வேலையா கிளினிக்குப் போயி வாங்கிக் குடு."

தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தபோதும், மகனும் மருமகளும் மாறி மாறிப் போட்டு வறுத்தெடுத்தபோதும், இந்த மனுசி பல்கீஸை விட்டுக்கொடுக்கவில்லையே. இவளையா மூளை கலங்கியவள் என்று நினைத்தேன்? கிழவி காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

வாசலில் மோட்டார் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான் ஜெயபாலன்.

"இன்னைக்கும் ஆளக் காணோம். அம்மா, நெசமாவே அங்கதான் வாங்கினீங்களா? இல்ல யாராவது குடுத்தாங்களா?"

அறைக்குள் பல்கீஸ் எழுந்து நின்றாள். அவள் கையை முத்தம்மா எட்டிப் பிடித்தாள்.

பிரமிளா முந்திக்கொண்டு கணவனிடம் தேத்தண்ணியை நீட்டினாள்.

"அங்கதாங்க வாங்கியிருக்காங்க. நான் மார்க்கெட்ல விசாரிச்சிட்டேன். அந்த ஆளு கடையத் தூக்கிக்கிட்டு ஜொகூர் பக்கம் போயிட்டானாம். இனிமே தேட வேணாம், குடிங்க."