ரயில் போகட்டும்

ஆற்றங்கரையில், பழைய ரயில் பாலத்தை ஒட்டியே அந்த வீடு இருந்தது. ரயில் பாலமேறினால் காது அடைத்துவிடும். அதனால் வீட்டில் யாரும் கத்திப் பேச மாட்டார்கள். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அப்படித்தான் நடக்கும்.

புதுப் பாலத்தைத் தள்ளிக் கட்டினார்கள். அதில் ரயில் போவது பூனை நடக்கிற மாதிரி. பழையதை அறுத்து இறக்கும் வேலை வெல்டரான அந்த வீட்டுக்காரனுக்கே வந்தது. அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போதுதான் அவன் மச்சான் ஆற்றில் விழுந்தார். உடல் கிடைக்கவேயில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மச்சான் இறங்கி வரும் இரும்புப் படிகளைத்தான் அவன் முதலில் அறுத்தான்.

"பாலம் ஒழிஞ்சா உனக்கும் மனசு ஆறும்" என்று மனைவியிடம் சொன்னான்.

கடைசி இரும்பும் லாரியேறிய மறுநாள் மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இந்நேரத்துக்கு எங்கண்ணன் சாப்பிட..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

'வந்திருப்பாரு' என்று சொல்ல மனசு வரவில்லையாக்கும் என்று நினைத்தான். "சரி விடும்மா" என்றான்.

ரயில் போகட்டும் என்று அவள் கையால் ஜாடை காட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் மொட்டைத் தூண்கள்தான் நின்றன. அவன் டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. பிறகு அடங்கியது. இரும்புப் படிகளில் யாரோ நிதானமாக இறங்கும் சத்தம் கேட்டது.

அவள் இன்னொரு தட்டை எடுத்துவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"...வந்துட்டாரு."